2 ஜிபி ரேம் லினக்ஸ் கணினிக்கு எந்த பிரவுசர்? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டவர்களுக்கு முதல் சில நாட்கள் சந்தோஷமாகத்தான் போகும். கணினி சீக்கிரம் ஆன் ஆகிறது, கோப்புகள் உடனே திறக்கின்றன, லிப்ரே ஆபீஸில் கடிதம் அடிக்க முடிகிறது. அப்புறம் பிரவுசரைத் திறந்து நான்கைந்து டேப் போனதும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் அசையாது, கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்க வேண்டியதாகிவிடும். உடனே எல்லோரும் “லினக்ஸுக்கு லேசான பிரவுசர்” என்று தேடுகிறார்கள். பத்துப் பதினைந்து பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று கிடைக்கிறது.

அந்தப் பட்டியலை அப்படியே நம்ப வேண்டாம். அதில் இருக்கும் சில பிரவுசர்களுக்கு இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை. சில, பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே முழுதாக மாறிவிட்டன. சிறிய கணினிக்கு பிரவுசர் எடுக்கும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: இந்த பிரவுசரில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் யார் அடைப்பார்கள், அந்தத் திருத்தம் என் கணினிக்கு வந்து சேருமா? அதற்கு உறுதியான பதில் உள்ள பிரவுசரை எடுங்கள். அதன் எடையைக் குறைப்பது அடுத்த வேலை, அது நம் கையில் இருக்கிறது.

பேச்சு வெறும் பொதுவாகப் போய்விடாமல் இருக்க ஒரு கணினியை மனதில் வைத்துக்கொள்வோம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் வந்தது போன்ற ஒரு லேப்டாப்: 2 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்த லேப்டாப்களில் சேர்ந்தே வந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் அவை அலமாரியில் கிடக்கின்றன. ஒரு மாணவருக்கோ, வீட்டுப் பெரியவருக்கோ அதை மறுபடி பயன்படும்படி செய்ய முடியும்.

1. முதலில் கணினியைத் தெரிந்துகொள்ளுங்கள்

மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: செயலி 32 பிட்டா 64 பிட்டா, ரேம் எவ்வளவு, டிஸ்க் எந்த வகை.

செயலியைப் பார்க்க டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) எல்எஸ்சிபியு என்ற கட்டளையை, ஐந்து எழுத்தையும் சேர்த்துச் சின்ன எழுத்தில் அடியுங்கள். மேலேயே ஆப்-மோட் என்று ஒரு வரி வரும். அதில் 32 பிட், 64 பிட் இரண்டும் இருந்தால் உங்களுடையது 64 பிட் செயலி. கணினியில் முன்பு இருந்த இயங்குதளம் 32 பிட் என்பதால் செயலியும் 32 பிட்தான் என்று நினைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். 2011க்குப் பிறகு வந்த லேப்டாப்களில் அநேகமாக எல்லாமே 64 பிட் செயலி கொண்டவை. அப்படியிருந்தால் 64 பிட் லினக்ஸையே போடுங்கள். இதன் காரணம் கட்டுரையின் கடைசியில் புரியும்.

ரேம் பார்க்க ஃப்ரீ என்ற கட்டளை இருக்கிறது. அது காட்டும் அட்டவணையில் ஃப்ரீ என்ற பத்தியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சும்மா கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளப் பயன்படுத்தும், தேவைப்பட்டதும் விட்டுக்கொடுக்கும். அதனால் ஃப்ரீ எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வலது ஓரத்தில் உள்ள அவெய்லபிள் என்ற பத்தி. கணினியை மறுபடி ஆன் செய்து, எதையும் திறக்காமல் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்கு உங்களிடம் இருக்கும் இடம் அவ்வளவுதான்.

அந்த எண் 1 ஜிபிக்கும் கீழே இருந்தால் பிரவுசரை மாற்றுவதற்கு முன் டெஸ்க்டாப்பை, அதாவது திரையில் மெனுவும் ஜன்னல்களும் காட்டும் மென்பொருளை, மாற்றுங்கள். நோம், கேடிஇ போன்றவை அழகானவை, ஆனால் 2 ஜிபி கணினியில் பிரவுசருக்குப் போக வேண்டிய இடத்தை அவை எடுத்துக்கொள்கின்றன. எக்ஸ்எஃப்சிஇ, எல்எக்ஸ்க்யூடி, அல்லது ஆன்டிஎக்ஸ் லினக்ஸில் வரும் ஐஸ்டபிள்யூஎம் போதும். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் அதிர்ஷ்டம். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்ற வாய்ப்பு இருந்தால், இந்தக் கட்டுரையில் உள்ள எந்த யோசனையையும் விட அது அதிக வேகம் தரும்.

2. எடை எங்கே இருக்கிறது

காலியான ஒரு டேப்போடு இரண்டு பிரவுசர்களைத் திறந்து எது குறைவாக ரேம் எடுக்கிறது என்று பார்த்து முடிவு செய்வது வழக்கம். அந்த வித்தியாசம் முதல் கனமான பக்கத்தைத் திறந்ததுமே அடிபட்டுப் போய்விடும். இன்று ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் கட்டுரையைவிடப் பல மடங்கு ஜாவாஸ்க்ரிப்ட் இறங்குகிறது: விளம்பரம், பின்தொடரும் நிரல்கள், தானாக ஓடும் வீடியோ. இவற்றை எந்த பிரவுசர் ஓட்டினாலும் ரேம் போகத்தான் செய்யும். ரேமைத் தின்பது பெரும்பாலும் பக்கம்தான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். பிரவுசர் பெயர்கள் நூறு இருந்தாலும், இன்றைய இணையத்தை முழுதாகக் காட்டக்கூடிய என்ஜின்கள், அதாவது பக்கத்தை வரைந்து காட்டும் உள் நிரல்கள், மூன்றுதான்: மொசில்லாவின் கெக்கோ, கூகுள் முன்னின்று நடத்தும் பிளிங்க், ஆப்பிளும் மற்றவர்களும் பராமரிக்கும் வெப்கிட். மற்றவற்றில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்றின் மேல் வேறு சட்டை போட்டவை. சட்டை லேசாக இருப்பதால் உள்ளே இருக்கும் ஆளின் எடை குறைந்துவிடாது.

அதனால் பிரவுசரின் பெயரைப் பார்க்காமல், என்ஜின் எது, அதை உங்கள் டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவியிருக்கும் லினக்ஸ் வகை) பராமரிக்கிறதா என்று பாருங்கள். டெபியன் என்ற டிஸ்ட்ரோ இதை ஒளிக்காமல் சொல்கிறது. டெபியன் 12இன் வெளியீட்டுக் குறிப்புகளில் பிரவுசர் என்ஜின்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. வெப்கிட்-ஜிடிகே பாதுகாப்பு ஆதரவுக்குள் வருகிறது, பொதுவான பயன்பாட்டுக்கு ஃபயர்பாக்ஸ் அல்லது குரோமியத்தைப் பரிந்துரைக்கிறோம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். க்யூடி வெப்என்ஜினுக்கு டெபியனில் அந்த ஆதரவு இல்லை. சின்ன கணினிகளுக்கான டிஸ்ட்ரோக்களில் ஆன்டிஎக்ஸ், க்யூ4ஓஎஸ் போன்றவை டெபியனின் மேல் நிற்பவை. எனவே இந்த ஒரு குறிப்பே உங்கள் வேலையில் பாதியை முடித்துவிடும்.

3. தேர்வு

முதல் தேர்வு: ஃபயர்பாக்ஸ் ஈஎஸ்ஆர். ஈஎஸ்ஆர் என்பது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு. சாதாரண ஃபயர்பாக்ஸ் நான்கு வாரத்துக்கு ஒரு முறை புதிய வசதிகளோடு வரும். ஈஎஸ்ஆர் கிட்டத்தட்ட ஓராண்டு அதே பதிப்பில் நின்று, பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் வாங்கிக்கொண்டிருக்கும். 2023இல் 115, 2024இல் 128, 2025இல் 140 என்று ஈஎஸ்ஆர் பதிப்புகள் வந்தன. பட்டன்கள் மாதத்துக்கு மாதம் இடம் மாறாது. வீட்டில் வயதானவர்கள் பயன்படுத்தும் கணினிக்கு இது எவ்வளவு நிம்மதி என்பது பழக்கிக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். டெபியன் தன் மற்ற மென்பொருள்களைப் பழைய பதிப்பிலேயே வைத்திருந்தாலும், ஈஎஸ்ஆரை மட்டும் அடுத்த ஈஎஸ்ஆர் வரும்போது மாற்றிக் கொடுத்துவிடும். நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

2 ஜிபி ரேமுக்கு ஃபயர்பாக்ஸ் கனம் இல்லையா என்று கேட்பீர்கள். கனம்தான். ஆனால் அதைக் குறைக்கும் மிகப் பெரிய கருவி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்), முழு பலத்தோடு ஓடும் இடமும் அதுதான். கூகுள் தன் நீட்சி முறையை மாற்றிய பிறகு குரோமில் யூபிளாக் ஆரிஜின் ஓடுவதில்லை. அதற்குப் பதில் குறைந்த ஆற்றல் கொண்ட லைட் பதிப்பு ஒன்றுதான் கிடைக்கிறது. சின்ன கணினியில் விளம்பரத் தடுப்பு வசதிக்காகச் செய்வது இல்லை. ரேமைக் காப்பாற்றும் வேலை அது. அதனால்தான் என் தேர்வு ஃபயர்பாக்ஸ் பக்கம் சாய்கிறது.

குரோமியம்: ஃபயர்பாக்ஸில் திறக்க மறுக்கும் ஏதாவது ஒரு அலுவலகத் தளத்துக்காக வைத்துக்கொள்ளலாம். தினசரி வேலைக்கு 2 ஜிபியில் இது மூச்சு வாங்கும். டெபியனில் திருத்தங்கள் தொடர்ந்து வருகின்றன, அந்த விதத்தில் கவலை இல்லை.

நோம் வெப், அதாவது எபிஃபனி: வெப்கிட்-ஜிடிகே என்ஜின். எளிமையான முகம், டெபியனின் பாதுகாப்பு ஆதரவு உண்டு. படிக்க மட்டும் பயன்படுத்துகிறவர்களுக்கு நல்ல இரண்டாம் பிரவுசர். வீடியோ ஓட ஜிஸ்ட்ரீமர் தொகுப்புகள் சரியாக நிறுவப்பட்டிருக்க வேண்டும்.

ஃபால்கன்: முன்பு குப்சில்லா என்ற பெயரில் இருந்து கேடிஇ குடும்பத்துக்கு வந்தது. பார்க்க அழகு, சுறுசுறுப்பாகத் திறக்கும். ஆனால் என்ஜின் க்யூடி வெப்என்ஜின். மேலே சொன்னபடி அதற்கு டெபியனில் பாதுகாப்பு ஆதரவு இல்லை. டெபியன் வழி டிஸ்ட்ரோவில் இதை முதன்மை பிரவுசராக வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். க்யூட்பிரவுசருக்கும் இதே பேச்சுதான். தொகுப்புகளை உடனுக்குடன் புதுப்பிக்கும் ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்களில் நிலைமை வேறு.

மிடோரி: பழைய “லேசான பிரவுசர்” பட்டியல்களில் முதலிடத்தில் இருந்த பெயர். அந்தப் பழைய மிடோரி வெப்கிட்டில் எழுதப்பட்ட சின்ன நிரல். திட்டம் 2019இல் அஸ்டியான் என்ற அமைப்போடு சேர்ந்தது. இன்று அதே பெயரில் வருவது ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்ட வேறு ஒரு பிரவுசர். பழைய பாராட்டுகளைப் படித்துவிட்டு புதியதை இறக்க வேண்டாம்.

பேல் மூன்: ஃபயர்பாக்ஸிலிருந்து பிரிந்து, கோவான்னா என்ற சொந்த என்ஜினோடு நிற்கிறது. இன்னும் உயிரோடு பராமரிக்கப்படுகிறது, பழைய வன்பொருளில் இதை விரும்பிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. புதிய தொழில்நுட்பத்தில் எழுதப்பட்ட தளங்கள் சில இதில் சரியாக வராது. அதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் முயன்று பாருங்கள்.

அடுத்து வருவது உண்மையிலேயே சிறியவற்றின் கூட்டம். எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

டில்லோ 1999இல் தொடங்கியது. ஜாவாஸ்க்ரிப்ட் கிடையாது. வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. 2015க்குப் பிறகு பல ஆண்டுகள் புதிய பதிப்பே இல்லாமல் கிடந்து, புதிய ஆர்வலர்களின் முயற்சியால் 2024 மே மாதம் 3.1.0 பதிப்போடு மீண்டு வந்தது. பட்டன் அழுத்திய கணமே திறக்கும். ஒரு விக்கிப்பீடியா பக்கத்தையோ நிரலாக்க ஆவணத்தையோ ஆங்கிலத்தில் படிக்க இதைவிட வேகமானது எதுவும் வேண்டாம். நெட்சர்ஃப் இன்னொரு முத்து. 2002இல் ரிஸ்க் ஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காகத் தொடங்கி, சொந்தமாக ஒரு என்ஜினை எழுதிக்கொண்டு வளர்ந்தது. டில்லோவைவிடப் பக்க அமைப்பை நன்றாகக் காட்டும், ஜாவாஸ்க்ரிப்ட் ஓரளவுக்கு ஓடும். டெர்மினலுக்குள்ளேயே ஓடும் லிங்க்ஸ்2, 1992இலிருந்து இருந்துவரும் லின்க்ஸ், டபிள்யூ3எம் ஆகியவையும் உண்டு.

இவற்றால் நெட் பேங்கிங் செய்ய முடியாது, ரயில் டிக்கெட் போட முடியாது, வாட்ஸ்அப் வெப் திறக்காது. ஜிமெயிலுக்கு முன்பு ஜாவாஸ்க்ரிப்ட் இல்லாமல் ஓடும் எளிய தோற்றம் ஒன்று இருந்தது. 2024இல் அதுவும் நிறுத்தப்பட்டது. ஆகவே இவற்றை முதன்மை பிரவுசராக நினைக்காமல், படிப்பதற்கான இரண்டாம் பிரவுசராகக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 2 ஜிபி கணினியில் ஒரு பெரிய பிரவுசரும் ஒரு சின்ன பிரவுசரும் சேர்ந்து இருப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் ஏற்பாடு.

4. நிறுவும்போது

டிஸ்ட்ரோவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே (ரெபாசிட்டரி) நிறுவுங்கள். கட்டளை எழுதத் தயக்கமாக இருந்தால் சினாப்டிக் என்ற தொகுப்பு மேலாளரைத் திறந்து, ஃபயர்பாக்ஸ்-ஈஎஸ்ஆர் என்று தேடி, டிக் அடித்து, அப்ளை அழுத்தினால் முடிந்தது. தமிழ் மெனு வேண்டுமானால் அதற்கும் டெபியனில் தனித் தொகுப்பு உண்டு.

உபுண்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 22.04 பதிப்பிலிருந்து அங்கே ஃபயர்பாக்ஸ் ஸ்னாப் என்ற தனித் தொகுப்பு வடிவில் வருகிறது. குரோமியம் அதற்கு முன்பே ஸ்னாப்புக்கு மாறிவிட்டது. எஸ்எஸ்டியில் பெரிதாகத் தெரியாது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் முதல் முறை திறக்க எடுக்கும் நேரம் பொறுமையைச் சோதிக்கும். மொசில்லா 2024 முதல் டெபியன், உபுண்டு வகைக்கு நேரடியாகத் தன் களஞ்சியத்தையே தருகிறது. உபுண்டுவிலேயே இருக்க விரும்புகிறவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு டெபியனோ ஆன்டிஎக்ஸோ இன்னும் சுலபம்.

பப்பி லினக்ஸ், டைனி கோர் போன்றவை ரேமுக்குள்ளேயே ஓடுபவை. இவற்றில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. பிரவுசர் “டிஸ்கில்” சேமிக்கும் தற்காலிகக் கோப்புகளும் பல நேரம் ரேமில்தான் போய் உட்காரும். அதாவது உலாவ உலாவ ரேம் இரண்டு வழியில் குறையும். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் அபௌட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் சேர்த்து அடித்தால் உள் அமைப்புகள் திறக்கும். அங்கே டிஸ்க் கேஷ் என்று தேடி, அதை இயக்கும் வரியை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். பப்பியில் இன்னொன்றும் பாருங்கள்: அங்கே இயல்பாக எல்லாமே ரூட், அதாவது முழு அதிகாரத்தில் ஓடும். பிரவுசரை மட்டும் ஸ்பாட் என்ற குறைந்த அதிகாரப் பயனராக ஓட்ட அதில் வழி வைத்திருக்கிறார்கள். அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

5. தமிழ் சரியாகத் தெரிகிறதா

வெளிநாட்டுப் பட்டியல்களில் இந்தச் சோதனை இருக்காது, நமக்கு இது முக்கியம். தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ ஆகிய எழுத்துகளைத் தேடிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் ஒழுங்காக நிற்க வேண்டும். வெறும் கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். லோகித் தமிழ் அல்லது நோட்டோ எழுத்துருக்களை சினாப்டிக்கில் தேடி நிறுவினால் தீர்ந்தது. சின்ன டிஸ்ட்ரோக்கள் இடத்தை மிச்சப்படுத்த இந்திய மொழி எழுத்துருக்களை விட்டுவிடுவது உண்டு.

எழுத்துரு இருந்தும் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பிரவுசர் எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாமல் நிற்கிறது. டில்லோவில் இதைக் காணலாம். டெர்மினல் பிரவுசர்களில் டெர்மினலைப் பொறுத்து தமிழ் சிதறும். ஃபயர்பாக்ஸ், குரோமியம், எபிஃபனி மூன்றிலும் இந்தத் தொல்லை இல்லை. ஆகவே தமிழில் அதிகம் படிப்பவருக்கு எபிஃபனி, ஆங்கில ஆவணங்கள் படிப்பவருக்கு டில்லோ என்று இரண்டாம் பிரவுசரைப் பிரித்துக்கொள்ளலாம்.

6. ஃபயர்பாக்ஸை லேசாக்குவது

முதல் வேலை யூபிளாக் ஆரிஜின். மொசில்லாவின் அதிகாரப்பூர்வ நீட்சித் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ஒத்த பெயரில் வேறு சரக்குகள் இருக்கின்றன. நிறுவியதும் எந்த அமைப்பையும் தொட வேண்டாம், இயல்பு நிலையே போதும். அதன் பிறகு முன்பு திணறிய அதே செய்தித் தளத்தைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். வேறு நீட்சிகளைச் சேர்ப்பதில் கஞ்சத்தனமாக இருங்கள். ஒவ்வொன்றும் ரேமில் நிரந்தரமாக உட்காரும்.

இரண்டாவது, டேப் பழக்கம். ஈஎஸ்ஆர் 140இலிருந்து ஒரு டேப்பின் மேல் வலது கிளிக் செய்தால் அன்லோட் டேப் என்று ஒரு வசதி இருக்கிறது. டேப் அப்படியே இருக்கும், அது பிடித்திருந்த ரேம் மட்டும் விடுபடும். மறுபடி கிளிக் செய்தால் பக்கம் திரும்ப ஏறும். பாதி நிரப்பிய விண்ணப்பம் உள்ள டேப்பில் இதைச் செய்யாதீர்கள், எழுதியது போய்விடலாம். செட்டிங்ஸில் “முன்பு திறந்திருந்த டேப்களைத் திற” என்பதை டிக் செய்து வைத்தால் இன்னொரு பயனும் உண்டு. பிரவுசரை மூடித் திறக்கும்போது டேப்கள் எல்லாம் வரிசையில் வந்து நிற்கும், ஆனால் நீங்கள் தொடும் வரை எதுவும் ஏறாது. மதியம் ஒரு தடவை மூடித் திறந்தாலே பெரும்பகுதி ரேம் திரும்பி வந்துவிடும்.

எந்த டேப் எவ்வளவு தின்கிறது என்று பார்க்க, அபௌட் முக்காற்புள்ளிக்குப் பிறகு ப்ராசஸஸ் என்று அடியுங்கள். ஒவ்வொரு தளத்தின் பெயரும் அது எடுக்கும் நினைவகமும் வரிசையாகத் தெரியும். அங்கிருந்தே மூடவும் முடியும்.

யூடியூப் தனிக் கதை. அது விபி9, ஏவி1 என்ற புதிய வடிவங்களில் வீடியோ அனுப்பப் பார்க்கும். 2011 காலத்து இன்டெல் கிராபிக்ஸுக்கு அவற்றை விரித்துக் காட்டும் வன்பொருள் வசதி இல்லை, எல்லாச் சுமையும் செயலியின் தலையில் விழும். அந்தக் காலத்து கிராபிக்ஸில் பலவற்றுக்கு எச்.264 தெரியும். எச்264இஃபை என்ற நீட்சி யூடியூப்பை அந்த வடிவத்திலேயே அனுப்ப வைக்கிறது. ஃபயர்பாக்ஸ் 115இலிருந்து லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸுக்கு வன்பொருள் டிகோடிங் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. பழைய இன்டெல் என்றால் ஐ965 வி-ஏ டிரைவர் தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தரத்தை 480பி-யில் வைத்தால் பாடம் கேட்க அதுவே போதும். செட்டிங்ஸில் ஆட்டோபிளேயையும் நிறுத்திவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ரேமைக் குறைக்க ஃபிஷன் என்ற வசதியை அணைக்கச் சொல்லும் யோசனைகள் பரவலாகக் கிடைக்கின்றன. அது ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் பிரித்து வைக்கும் பாதுகாப்பு. அணைத்தால் ரேம் கொஞ்சம் மிச்சமாகும், ஆனால் ஒரு மோசமான தளத்துக்கும் உங்கள் வங்கிப் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரும் போய்விடும். அதைத் தொடாதீர்கள்.

மின்னஞ்சலை பிரவுசரிலிருந்து வெளியே எடுக்க முடிந்தால் இன்னும் நல்லது. க்ளாஸ் மெயில் போன்ற சின்ன மென்பொருள் ஒன்றில் கணக்கைச் சேர்த்துவிட்டால், நாள் முழுக்கத் திறந்து கிடக்கும் ஒரு கனமான டேப் குறையும்.

7. கணினி உறைந்து போகாமல் இருக்க

என்ன செய்தாலும் சில நாள் ரேம் தீரத்தான் போகிறது. அப்போது லினக்ஸ் ஹார்ட் டிஸ்கில் ரேமுக்குப் பதிலாகப் பயன்படும் ஸ்வாப் பகுதிக்கு ஓடும், கணினி அப்படியே நிற்கும். இதற்கு இரண்டு மருந்து. ஒன்று இசட்-ரேம்: ரேமின் ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக மாற்றும். டிஸ்குக்குப் போவதற்கு முன் தரவு அங்கே சுருங்கி உட்காரும், டிஸ்க்கைவிட இது பல மடங்கு வேகம். ஃபெடோரா 2020இல் வந்த 33ஆம் பதிப்பிலிருந்து இதை இயல்பாகவே தருகிறது. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் 50 சதவீதம் என்று வைத்தால் 2 ஜிபிக்குச் சரியாக இருக்கும். டிஸ்கில் உள்ள ஸ்வாப்பையும் நீக்க வேண்டாம், கடைசிக் கைகொடுப்புக்கு இருக்கட்டும்.

இன்னொன்று எர்லி-ஊம். ரேமும் ஸ்வாப்பும் தீரப்போகும் நேரத்தில், அதிகம் தின்னும் செயல்முறை ஒன்றை இது முன்கூட்டியே நிறுத்தும். பெரும்பாலும் ஒரு டேப் மட்டும் விழும், கணினி பிழைத்துக்கொள்ளும். பவர் பட்டனை அழுத்தி அணைப்பது ஹார்ட் டிஸ்குக்கு நல்லதல்ல என்பதால் இந்தச் சின்ன நிரலை நான் எல்லோருக்கும் சொல்கிறேன்.

8. சோதித்துப் பாருங்கள்

பிரவுசரின் தரத்தைக் காட்டும் எண்களைத் தரும் சோதனைத் தளங்கள் உங்களுக்கு வேண்டாம். நீங்கள் நிஜமாகப் போகும் தளங்களை எழுதிக்கொள்ளுங்கள்: வங்கி, ரயில் டிக்கெட், தேர்வு விண்ணப்பம், இ-சேவை, யூடியூப், ஒரு தமிழ் நாளிதழ். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்த பிரவுசரில் ஒரு முறை கடைசி வரை செய்து பாருங்கள். விண்ணப்பத்தில் படம் ஏறுகிறதா, பிடிஎஃப் இறங்குகிறதா, பிரிண்ட் போகிறதா என்பது முக்கியம். இடையிடையே ஃப்ரீ கட்டளையில் அவெய்லபிள் பத்தியைப் பாருங்கள். மூன்று டேப் திறந்து வீடியோவும் ஓடும்போது 200 எம்பிக்கு மேல் மிச்சம் இருந்தால் அந்தக் கணினி தினசரி வேலைக்குத் தயார். அதற்குக் கீழே அடிக்கடி போனால் டேப்பைக் குறைக்க வேண்டும், அல்லது இன்னொரு 2 ஜிபி ரேம் வாங்கிப் போட வேண்டும். பழைய டிடிஆர்3 ரேம் பயன்படுத்திய பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும்.

ஒரு வாரம் இப்படி ஓட்டிப் பார்க்காமல் வேறு பிரவுசருக்குத் தாவ வேண்டாம். அடிக்கடி மாற்றினால் எது எதனால் மெதுவாகிறது என்பதே தெரியாமல் போகும்.

32 பிட் செயலி மட்டும் உள்ளவர்களுக்கு

எல்எஸ்சிபியு 32 பிட் மட்டும் என்று காட்டினால் காலம் குறுகிக்கொண்டிருக்கிறது. கூகுள் குரோம் 2016 மார்ச்சிலேயே 32 பிட் லினக்ஸை விட்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13இல் 32 பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் கர்னலும் இல்லை. ஃபயர்பாக்ஸும் 144ஆம் பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்துவதாக மொசில்லா அறிவித்தது. ஈஎஸ்ஆர் 140க்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது திருத்தங்கள் வரும் என்றும் சொன்னது.

ஆகவே அத்தகைய கணினியில் டெபியன் 12 அல்லது அதன் மேல் நிற்கும் ஆன்டிஎக்ஸ் 23இன் 32 பிட் பதிப்பைப் போட்டு, ஈஎஸ்ஆர் 140 வைத்துக்கொள்ளுங்கள். டெபியன் 12க்கு நீண்ட கால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு, ஆனால் அந்தத் தேதியை பிரவுசருக்கும் சேர்த்து எண்ணிவிடக் கூடாது. ஃபயர்பாக்ஸின் திருத்தம் நின்ற நாளிலிருந்து அதில் வங்கிக் கணக்கையோ ஆதார் சார்ந்த எதையோ திறக்காதீர்கள். அந்த வேலைகளை வேறு கருவிக்கு மாற்றிவிட்டு, இந்தக் கணினியில் நெட்சர்ஃப், டில்லோ, எழுத்துவேலை, இறக்கி வைத்த பிடிஎஃப் பாடங்கள், பாட்டு என்று ஓட்டலாம். சினாப்டிக்கில் ஃபயர்பாக்ஸின் பதிப்பு எண் மாதக்கணக்கில் மாறாமல் நிற்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.